பீடி குடிக்காதவன் நிற்கக் கூடாது

குரங்கணிக்கு மேலே நான் வேலை பார்த்த ஏலத்தோட்டத்தில், காலைக் கஞ்சிக்கும் மத்தியானச் சோற்றுக்கும் நடுவில் கங்காணி ஒருமுறை "பீடிக்கு நில்லு" என்று குரல் கொடுப்பார். ஆண்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மரத்தடியில் குந்திப் பீடி பற்றவைப்பார்கள். ஒரு பீடி எரிந்து முடிகிற நேரம்தான் ஓய்வு. பெண்களுக்கு அதுவும் கிடையாது. புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அவர்கள் பாட்டுக்குக் காய் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பீடி குடிக்காத ஆண் இருந்தால் அவனும் குனிந்த தலை நிமிராமல் களை வெட்ட வேண்டும்.

போன புதிதில் எனக்கு இது தெரியாது. எல்லாரோடும் சேர்ந்து நானும் முதுகை நிமிர்த்தி நின்றேன்.

"உனக்கென்ன நிக்கிற சோலி?" என்றார் கங்காணி.

"நிக்கச் சொன்னீங்களே மாமா."

"பீடிக்கு நிக்கச் சொன்னேன். பீடி எங்க?"

என்னிடம் இல்லை.

"அப்ப வெட்டு. சும்மா நிக்கிறதுக்கு இது என்ன சத்திரமா?"

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போடியில் டீக்கடையில் கிளாஸ் கழுவி, ஜீப்பில் கிளீனராகத் தொங்கி, எங்கேயும் ஆறு மாதம் தங்காமல், இருபது வயதில் மலைக்கு வந்திருந்தேன். நின்றபடி திட்டு வாங்குவது எனக்குப் புதிதில்லை. மறுநாள் பீடிக்குக் குரல் வந்தபோது, எனக்குப் பக்கத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தவர் தன் கட்டிலிருந்து ஒரு பீடியை உருவி நீட்டினார்.

"பத்த வெய் தம்பி. குடிக்கத் தெரியலேன்னா கையில வச்சுக்கிட்டுச் சும்மா உக்காரு."

அவர் அதை இரக்கப்பட்டுத்தான் கொடுத்தார். இப்போது நினைத்தாலும் அதை வேறு மாதிரி என்னால் சொல்ல முடியவில்லை.

அவருக்கு ராசிங்காபுரம். அண்ணன் தம்பிகளோடு பங்கு போட்ட மானாவாரி நிலம் சோறு போடாததால் மனைவியோடு போடிக்குக் குடிவந்தவர். காய்க் காலத்தில் ஸ்டோரில் நெருப்புப் போடுவார். பறித்த பச்சைக் காயைக் காய வைக்கும் அறையைத்தான் ஸ்டோர் என்போம். கீழே அடுப்பு, சுற்றிலும் சூடு போகும் இரும்புக் குழாய், மேலே தட்டுத் தட்டாகக் காய். மற்ற மாதங்களில் எங்களோடு களை வெட்டுவார். நான் அவரை அண்ணே என்பேன். லயத்தில், தோட்டத்துக் கூலிகளுக்கான வரிசை வீடுகளில், இருவரும் ஒரே அறையில் தங்கியிருந்தோம்.

பீடியை நாங்கள் யாரும் கெட்டதென்று நினைக்கவில்லை. காலில் அட்டை ஏறினால் பீடி நெருப்பைக் காட்டினால் சுருண்டு விழும். மஞ்சுப் பனி இறங்கினால் நெஞ்சுக்குக் கணகணப்பு. சளி கட்டினால் புகை அதை அறுத்துக்கொண்டு வரும் என்பார்கள். அண்ணன் விடியும்போது எழுந்து உட்கார்ந்து, ஒரு பீடி குடித்து, இருமி இருமிச் சளியைத் துப்பிவிட்டு, "இப்பத்தான் நெஞ்சு தெறந்துச்சு" என்பார். இருமலுக்கு மருந்தே பீடிதான் என்று அவர் நம்பினார். இருமல் ஸ்டோர்ப் புகையால் வருகிறது என்று எல்லாருமே சொன்னோம்.

விடுமுறைக்குப் போடிக்கு இறங்கி, மறுநாள் குரங்கணிவரை ஜீப்பில் வந்து, அங்கிருந்து நடந்து ஏறுவோம். ஆரம்பத்தில் தலையில் அரிசிச் சிப்பத்தோடு பேசிக்கொண்டே ஏறியவர் அவர். சில வருடங்களில் பேச்சு நின்றது. பிறகு சிப்பத்தை நான் வாங்கிக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு வளைவிலும் நின்று, முழங்காலில் கையூன்றி, வாயைக் குவித்து ஊதினார். மேலே ஏற முடியாவிட்டால் வேலை இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

டி.பி.யாக இருக்குமோ என்று பயந்துதான் என்னோடு போடி ஆஸ்பத்திரிக்கு வந்தார். டி.பி. என்றால் லயத்தில் இடம் கிடைக்காது, டீக்கடையில் தனிக் கிளாஸ். சளியைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். டாக்டர் டி.பி. இல்லை என்றதும் இவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சந்தோசப்படாதய்யா," என்றார் டாக்டர். "உன் நெஞ்சு காத்தை வாங்குது, திருப்பி விட மாட்டேங்குது. இது பீடி செஞ்ச வேலை."

"ஸ்டோர்ப் புகை சாமி."

"அதுவும் ஆகாதுதான். ஆனா ஸ்டோர்ல நெருப்பு வருசம் பூராவா எரியுது? பீடி எரியுதுல்ல?"

இவர் மடியிலிருந்த பீடிக்கட்டைத் துண்டால் மூடினார்.

"கெட்டது கெட்டதுதான், திரும்பாது. இன்னைக்கு விட்டா மிச்சம் இருக்கிறது நிக்கும்."

"கொறச்சுக்கிறேன் சாமி."

"கொறைக்கிறேன்னு சொன்னவன் எவனும் விட்டதில்ல. ஒரு நாளை வச்சு, அன்னையோட நிறுத்து. கொஞ்ச நாளைக்குக் கை நடுங்கும், தூக்கம் வராது, பொண்டாட்டி மேல எரிஞ்சு விழுவே. அது தானா அடங்கிரும். வாய்க்கு எதாச்சும் போட்டு மெல்லு. பொகையிலை மட்டும் கூடாது."

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் அவர் பீடியைப் பற்றவைத்தார். "டி.பி. இல்லேங்கிறான்ல தம்பி" என்று சிரித்தார். பெரிய கண்டத்திலிருந்து தப்பியவரின் சிரிப்பு அது. வீட்டில் மதினியிடமும் அதை மட்டும்தான் சொன்னார். மிச்சத்தை நான் சொன்னேன். மதினி என்னைப் பார்த்தபடியே கேட்டார். அவரைத் திட்டவில்லை.

மதினி போடியில் ஏலக்காய் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் தரம் பிரிக்கிற வேலை பார்த்தார். வரிசையாக உட்கார்ந்து பெரிய காய், சின்னக் காய், வெடித்த காய் என்று முறத்தில் பிரிக்கும் பெண்களில் ஒருவர். வாரக் கடைசியில் கூட்டி அள்ளும் குப்பையில் கிடக்கும் ஏலத்தொலியை, வெடித்த காயின் தோலை, டீக்குப் போட எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கணக்குப்பிள்ளையே விடுவார். மறுநாள் காலை நாங்கள் கிளம்பும்போது மதினி அந்தத் தொலியை ஒரு துணியில் முடிந்து அவர் கையில் வைத்தார்.

"அரிப்பு எடுத்தா இதுல ஒண்ணை வாயில போடுங்க. பீடிக் கட்டு இங்கயே கெடக்கட்டும்."

அவர் கட்டையும் தீப்பெட்டியையும் மடியிலிருந்து எடுத்து அடுப்புத் திட்டில் வைத்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கட்டை எடுத்து அடுப்புக்குள்ளேயே போட்டார்.

"விட்டுட்டேன் போ" என்றார்.

அந்த நாட்கள் நல்லபடியாகப் போகவில்லை. கஞ்சிச் சட்டியை எத்தினார். என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. உள்ளங்கை வேர்த்து மண்வெட்டி வழுக்கியது. கங்காணி பீடிக்கு நிற்கச் சொன்னபோது நாங்கள் பீடியோடு குந்தினோம், அவர் மட்டும் வெட்டிக்கொண்டிருந்தார். பீடியோடு ஓய்வும் போய்விட்டது.

"பீடியைத்தானே விட்டேன், குந்துறதையுமா விடணும்?" என்றார் ஒருநாள்.

"ஒரு பீடியை இழுத்துட்டு ஒக்காரு மாப்ளே, யாரு வேணாங்கிறா?" என்றார் கங்காணி. கேலிதான், கெட்ட எண்ணமில்லை.

அவர் மடியிலிருந்து ஒரு தொலியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு குனிந்தார்.

பிறகு ஒருநாள் கஞ்சி குடிக்கும்போது, "உப்பு தூக்கலா இருக்கே" என்றார். தினமும் போடுகிற உப்புதான். அவருக்கு நாக்கு திரும்ப வந்திருந்தது. அடுத்த முறை மலை ஏறும்போது, வழக்கமாக நிற்கும் முதல் வளைவில் நிற்கவில்லை. நான் அதைக் கவனித்தேன் என்று தெரிந்ததும் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். மூச்சு வாங்கியது, ஆனால் சிரிக்க மிச்சம் இருந்தது.

காய்க் காலம் வந்து அவர் ஸ்டோருக்கு நெருப்புப் போடப் போனார். அங்கேதான் வந்தது வினை. ஒரு சாயங்காலம், பெண்கள் பறித்த காயை நிறுத்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் அவர் பக்கத்தில் வந்து நின்று மூக்கை உறிஞ்சினார். மலையாளத்துக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்.

"எந்தா வாயில்? திற."

அவர் வாயைத் திறந்தார். நாக்கில் மென்ற தொலி. மடியை அவிழ்க்கச் சொன்னார் சூப்பர்வைசர். துணி முடிச்சு விழுந்தது.

"இது எவிடெருந்து?"

"வீட்ல இருந்து கொண்டாந்தேன் சார்."

"வீடு எவிடெ?"

"போடி."

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். வரிசையில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். அந்த மலையிலிருந்து ஏலத்தை இடுப்பிலும் கொண்டையிலும் ஒளித்துக் கீழே கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறோம். கீழேயிருந்து மேலே கொண்டுவந்தவனை யாரும் பார்த்ததில்லை. "நாளைக்கு ஓடைக்குத் தண்ணி சொமந்துட்டு வருவாரு" என்றாள் ஒருத்தி. நான் முன்னால் போய், மதினி முடிந்து கொடுத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றேன். ஒரே அறையில் படுக்கிறவன் சாட்சி அங்கே செல்லவில்லை.

அண்ணன் திறந்த வாயை மூட மறந்தவர் மாதிரி நின்றார்.

கங்காணி நல்ல மனிதர். சூப்பர்வைசரைத் தனியாகக் கூட்டிப்போய் ஏதோ பேசித் தணித்தார். திரும்பி வந்து துணி முடிச்சை ஸ்டோர் அடுப்பில் வீசினார். வாசம் எழுந்தது. பிறகு ஒரு பீடியைத் தானே பற்றவைத்து அண்ணனிடம் நீட்டினார். எங்கள் பக்கம் வழக்கம் அப்படி. சண்டை தீர்ந்தால் பீடி கொடுப்பார்கள். வாங்கினால் தீர்ந்தது, வாங்காவிட்டால் மனசில் வைத்திருக்கிறான் என்று பொருள்.

"நான் விட்டுட்டேன் மாமா."

"விட்டதெல்லாம் இருக்கட்டும்டா. அந்தாளு பாத்துட்டு நிக்கிறான். நீ வாங்கலேன்னா என்ன நெனப்பான்? வேலை வேணும்ல?"

சூப்பர்வைசர் தன் சிகரெட்டோடு தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பீடியை வாங்கினார். கொஞ்ச நேரம் விரலிடுக்கில் வைத்திருந்தார். பிறகு இழுத்தார். கங்காணி அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் பீடிக்குக் குரல் வந்தபோது அவர் ஸ்டோரிலிருந்து என் பக்கத்தில் வந்து குந்தினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மதினி அதற்குப் பிறகு தொலி கொடுத்துவிடவில்லை. அதையும் களவென்று சொன்னால் கிட்டங்கி வேலையும் போய்விடுமே என்று பயம்.

அடுத்த வருடம் நான் மலையை விட்டு இறங்கினேன். தேவாரம் பக்கம் தோட்டக் காவலுக்கு இருந்தேன். யானை வந்தால் தகரம் தட்டுவது வேலை. பிறகு லாரியில் லோடு ஏற்றினேன். கொஞ்ச காலம் எங்கே இருந்தேன் என்று எனக்கே வரிசையாக ஞாபகமில்லை. மறுபடி போடிக்கு வந்தபோது அண்ணன் மலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். தெருக்குழாய்க்கும் போக முடியவில்லை. கட்டில் ஓரத்தில் முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருப்பார். படுத்தால் மூச்சு முட்டும். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கும். ஒரு வாக்கியத்தை நான்கு துண்டாகப் பேசுவார்.

"பீடிய... விட்டுட்டேன்... தம்பி."

"எப்ப அண்ணே?"

"காத்து... இல்ல... எதை... வச்சு இழுக்க?"

சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மதினி ஓடிவந்து நெஞ்சைத் தடவினார்.

ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தார். ஐம்பது வயதுகூட இருக்காது.

கருமாதிக்குக் கங்காணியும் வந்திருந்தார். மலையை விட்டு இறங்கிவிட்டவர், கிழடுதட்டியிருந்தார். படையலில் வேட்டி துண்டு, சோறு, கறிக்குழம்பு எல்லாம் வைத்த பிறகு, அவர் தன் பையிலிருந்து ஒரு புதுப் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து இலையோரத்தில் வைத்தார். போனவருக்குப் பிரியமானதை வைப்பது வழக்கம். வைக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

மதினி எழுந்து வந்தார். கட்டையும் பெட்டியையும் எடுத்துக் கங்காணி கையில் கொடுத்தார்.

"வேணாம் அண்ணே. எடுத்துட்டுப் போங்க."

"ஆசையா குடிச்சவன் ஆத்தா."

"விட்டுட்டேன்னு என்கிட்டச் சொன்னாரு. விட்ட மனுசனாவே போகட்டும்."

கங்காணி கட்டை வாங்கிக்கொண்டு மெல்ல வெளியே போனார். நானும் பின்னால் போனேன். வேலியோரம் நின்று அவர் ஒரு பீடியை எடுத்துப் பற்றவைத்தார். பழக்கத்தில் இன்னொன்றை உருவி என் பக்கம் நீட்டினார். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. கையும் பாதி நீண்டுவிட்டது. திரும்ப எடுத்துக்கொண்டேன்.

"சும்மாவா நிக்கப் போறே?" என்றார்.

"ஆமா மாமா. சும்மாதான் நிக்கிறேன்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு மலையைப் பார்த்தார். இழுத்தார், இருமினார், மறுபடி இழுத்தார். வேலி முள்ளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பீடித்துண்டை மிதித்து அணைத்தபோது எனக்கும் அந்த அரிப்பு அடங்கியிருந்தது. ஒரு பீடி நேரம்தான் அது நம்மைப் படுத்துகிறது, அந்த நேரத்தை நின்று கழித்துவிட்டால் போய்விடுகிறது என்று அங்கேதான் தெரிந்தது. அதைச் சொல்ல அண்ணன் இல்லை.

அன்றோடு விட்டேன் என்று சொன்னால் பொய். லாரியில் இரண்டு தடவை திரும்பப் பிடித்தேன், இரண்டு தடவையும் திரும்ப விட்டேன். போன இடத்திலெல்லாம் மற்றவர்கள் பீடிக்கு ஒதுங்கும்போது நானும் வேலையைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு போய் நிற்பேன். ஏன் நிற்கிறாய் என்று கேட்டவர்கள் உண்டு. திட்டியவர்களும் உண்டு. நகரவில்லை.