பீக்கிங்கில் கைது, சரவணையில் வேலி

மாலை ஆறரை மணிக்கு எங்கள் குடும்பம் இரண்டாகியது. எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் தீவூரான சரவணையில், வீட்டு விறாந்தையில், அப்பாவும் அவருடைய ஒரே தம்பியான சித்தப்பாவும் வழமைபோல் பீக்கிங் வானொலியில் சீனத்துச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்கள். சீனத்தின் பெருந்தலைவர் காலமாகி அதிக நாளாகவில்லை. அவருடைய மனைவியையும் கூட்டாளிகள் மூவரையும் புதிய தலைமை சிறைப்பிடித்துவிட்டதாகச் செய்தி சொன்னது.

"நல்ல வேலை. நாட்டைப் பிடிக்கப் பாத்த கூட்டம்," என்றார் அப்பா.

"தலைவற்றை துக்கம் ஆறமுதல் பெண்சாதியைப் பிடிச்சு அடைக்கிறாங்கள். அவங்கள்தான் துரோகியள். நீங்கள் அவங்கடை பக்கமோ அண்ணை?"

"ஓம்."

சித்தப்பா எழுந்து போனார். அந்த வாரமே இரு வீட்டுக்கும் பொதுவான வளவின் நடுவில் வேலி வந்தது. எங்கள் சுவரில் புதிய தலைவரின் படம் ஏறியது.

அப்பா சரவணையிலேயே பிறந்து, புகையிலைத் தோட்டம் செய்து, பெண்பிள்ளைகள் மூவரையும் படிப்பித்தவர். இளவயதில் சகோதரர் இருவரும் சீனச்சார்புக் கட்சியில் சேர்ந்தார்கள். தேநீர்க்கடையில் எல்லாச் சாதியினருக்கும் ஒரே மாதிரிக் குவளை வேண்டுமென்று கடை வாசலில் நின்றார்கள். சண்டியர்கள் பொல்லுகளோடு வந்தபோது அப்பா தம்பியைத் தன் உடம்பால் மறைத்தார். அன்று உடைந்த வலது தோள் கடைசிவரை முழுதாக உயரவில்லை. அந்தத் தோளோடுதான் எங்களுக்காகத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தார்.

சில ஆண்டுகளில், அப்பா நம்பிய புதிய தலைவரையும் இன்னொரு அணி ஓரங்கட்டியது. வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"அண்ணை, உங்கடை ஆளையும் இறக்கிப்போட்டாங்களாம். இனி ஆருடைய படம் மாட்டப் போறியள்?"

அப்பா படத்தைக் கழற்றவில்லை.

யுத்தம் எங்களைத் தீவை விட்டுத் துரத்தியது. இரண்டு குடும்பங்களும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வகுப்பறையில் ஒதுங்கினோம். நடுவில் வாங்கு, மேசைகளை அடுக்கி அங்கும் எல்லை போட்டார்கள். அங்கேதான், பெருந்தலைவரின் சிறைப்பட்ட மனைவி இறந்த செய்தி வந்தது. துக்கம் நடந்த வீட்டில் எங்கள் ஊரில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவினர்தான் சமைத்துக் கொடுப்பார்கள். அப்பா எங்களுக்கு இருந்த கஞ்சியில் ஒரு சட்டி நிறைய வார்த்து என்னிடம் தந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"சித்தப்பாட்டைக் குடு பிள்ளை. துக்கவீட்டுக்காரர் சமைக்கக்கூடாதெல்லோ."

அங்கே ஒதுங்கியிருந்த பலர் சிரித்தார்கள். சித்தப்பா சட்டியை வாங்கி வாசலில் கவிழ்த்தார். பட்டினி கிடந்த அவருடைய பிள்ளைகள் மண்ணில் ஓடிய கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் திரும்பியதும் வேலியும் திரும்பியது. இன்று வெளிநாட்டிலிருக்கும் என் மகனும் மகளும் தொலைபேசியில் ஒருவர்மேல் ஒருவர் சற்றுக் குரல் உயர்த்தினாலே நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

படுக்கையில் விழுந்தபின் அப்பாவுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. "எனக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. தம்பியைக் கொள்ளி வைக்கச் சொல்லு."

நான் வேலியடியில் நின்று கெஞ்சினேன்.

"பிழை விட்டனான் எண்டு அண்ணை ஒரு சொல்லுச் சொல்லட்டும், வாறன்," என்றார் சித்தப்பா.

அதை அப்பாவிடம் சொன்னேன். "அது மட்டும் ஏலாது பிள்ளை," என்றார். பிறகு, உயிர் போகும்வரை, வாசற்படலை கிரீச்சிடும்போதெல்லாம் "தம்பியோ?" என்று கேட்டார்.

பூதவுடலை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். இனிப் பொறுக்க முடியாது என்று ஐயர் சொன்ன பிறகு, என் கணவரே கொள்ளி வைத்தார்.

பந்தலிட்ட அயலவர்களுக்கும், பாடை கட்டியவர்களுக்கும், கரம்பொனிலிருந்து வாகனம் கொண்டுவந்த அன்பருக்கும், அனலைதீவிலிருந்து படகேறி வந்து எங்களோடு இருந்து அழுத உறவுகளுக்கும் எங்கள் மூவரின் நன்றி என்றும் உரியது.

இன்னொருவரும் வந்தார். சுடலைக்குப் போனவர்கள் திரும்பிக் கால் கழுவிக்கொண்டிருந்தபோது படலை திறந்தது. ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் மூடிய சட்டி. சித்தப்பா அப்பாவின் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. சட்டியை என்னிடம் நீட்டினார்.

"இந்தா பிள்ளை. துக்கவீட்டுக்காரர் சமைக்கக்கூடாதெல்லோ."