வாடகைக்குப் போன அண்டா

அந்த நாளில் பேங்கு என்பது சேலத்தில் இருக்கிறது என்று மட்டும் தெரியும். பார்த்ததில்லை. கையில் நாலு காசு மிஞ்சினால் பித்தளை வாங்குவோம். குடம், போசி, அண்டா. பணமுடை வந்தால் அடகுக் கடைக்கு எடுத்துப் போவோம். காசு வந்தால் மீட்போம். இளம்பிள்ளையில் எங்கள் நெசவுத் தெருவில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். பரண் காலியாக இருந்தால் அந்த வீட்டில் தறி ஓடவில்லை என்று அர்த்தம்.

என் மனைவி கொண்டு வந்த அண்டா ஐந்து குடம் பிடிக்கும். அதன் கழுத்தில் அவள் அப்பா பேரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள். அதை மட்டும் அடகுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். சரி என்றேன்.

உலகச் சண்டைக் காலத்தில் நூல் சரியாகக் கிடைக்கவில்லை. நான் ஓர் ஏலச்சீட்டில் இருந்தேன். சீட்டுப் பணத்தை முன்னமே எடுத்துத் தின்றாகிவிட்டது. மாதாமாதம் கட்டியாக வேண்டும். தவறினால் சீட்டுக்காரர் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வார். தெருவே பார்க்கும். மற்ற பாத்திரமெல்லாம் ஏற்கனவே போய்விட்டது. அவள் கிணற்றுக்குத் துவைக்கப் போன நேரத்தில் அண்டாவைத் தூக்கிப் போனேன். பதினைந்து ரூபாய் கொடுத்தார்கள்.

"அண்டா எங்கீங்க?" என்றாள்.

"ஈயம் பூசக் குடுத்திருக்கறேன்."

என் முகத்தைப் பார்த்தாள். துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

அடகுக் கடைக்காரர் தன்னிடம் கிடக்கும் பெரிய பாத்திரங்களைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுவார். ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு அது என் நினைப்பில் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து நாலு வீடு தள்ளி ஒரு கல்யாணம். அவள் விடியலிலேயே காய் நறுக்கப் போய்விட்டாள். நான் பந்தி நேரத்துக்குப் போனேன். பின்கட்டு அடுப்பில் அவள் அண்டாவில் ரசம் கொதித்தது. அவள் அதற்கு எதிரிலேயே உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

எழுத்துத் தெரிந்த ஒருத்தி குனிந்து பார்த்தாள். "ஏனக்கா, இது உங்கய்யன் பேரல்ல?"

"அண்டாவுக்குக் கால் மொளச்சு அடகுக்கடைப் பக்கம் போயிருக்குமாட்ட," என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

என் மனைவி தலை நிமிரவில்லை. "காலும் மொளைக்கல, கையும் மொளைக்கல. நம்ம தெருப் புள்ள கல்யாணத்துக்கு ஆவட்டும்னு நாங்கதான் குடுத்தனுப்புனோம்."

பிறகுதான் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். "எலை போட்டாச்சுங்க. போயி உக்காருங்க."

உட்கார்ந்தேன். ரசமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அவள் சொன்னது கல்யாண வீட்டு அம்மாள் காதில் விழுந்திருக்கிறது. மறுநாள் காலையில் அண்டாவைப் புளி போட்டுத் துலக்கி, உள்ளே வெற்றிலை பாக்கும் ஒரு படி அரிசியும் வைத்து, ஆள் வைத்துத் தூக்கிவந்து எங்கள் வீட்டில் இறக்கினாள். "வாடகைச் சாமானோட கலந்து போயிருக்குமுங்க. நல்ல வேளை, பேரு வெட்டியிருந்துச்சு. நீங்க நல்லா இருக்கோணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அண்டா பரணுக்குக் கீழே இருந்தது. நான் அதையே பார்த்தேன்.

"இருக்கட்டும். கடைக்காரன் கேட்டா அப்பறம் பாத்துக்கலாம்," என்றேன்.

"நம்மளக் கேக்க மாட்டானுங்க. வாடகைக்கு எடுத்தவங்களத்தான் கேப்பான். கல்யாண ஊட்டுக்காரங்க களவாண்டுட்டாங்கன்னு ஊரெல்லாம் சொல்லுவான்."

"பொழுது சாயட்டும், நான் கொண்டு போறேன்."

"அதுக்குள்ள ஆள் அனுப்பிருவான்."

அரிசியைத் துணியில் கொட்டி முடிந்தாள். சும்மாடு சுற்றித் தலையில் வைத்தாள். ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டேன். அதுதான் நான் செய்தது. அண்டாவைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

காலை நேரம். தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டியிருந்தார்கள். எல்லோரும் வெளியில்தான் நின்றார்கள். முந்தின நாள் சிரித்தவளும் இருந்தாள். "எங்கக்கா போவுது அண்டா?" என்று கேட்டாள்.

"அடகுக் கடைக்கு," என்றாள் என் மனைவி. சாதாரணமாகத்தான் சொன்னாள். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. தெருவில் யாரும் சிரிக்கவில்லை.

கடை அரை மைல். வெயில் ஏறித் திரும்பி வந்தாள். வழியில் கல்யாண வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி, அரிசியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். தறிக்கு நூலைத் தாராகச் சுற்ற உட்கார்ந்தாள்.

பதினைந்து ரூபாய் இல்லாமல் போனது அந்தக் காலத்தின் கொடுமை. எல்லோருக்கும் அப்படித்தான். அரை மைல் நான் நடக்காதது அப்படியில்லை. என் தலை சும்மாதான் இருந்தது.

வட்டி ஏறி அண்டா அடகிலேயே மூழ்கிவிட்டது. பின்னால் நூல் வந்தது, தறி ஓடியது. அவள் கையிலும் காசு மிஞ்சியது. அவள் பித்தளை வாங்கவில்லை. மிஞ்சியதை வீட்டில் வைக்காமல் அந்தக் கல்யாண வீட்டு அம்மாளிடம் கொடுத்து வைத்தாள். எவ்வளவு என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.