சாத்தன் மாறன் வம்சத்தில் சின்னக்கருப்பு

கோபம் வந்தால் உமாதேவி மவுஸை அழுத்துகிற சத்தம் தெருவுக்குக் கேட்கும். சின்னமனூரில் பாண்டீஸ்வரன் நடத்தும் பிளக்ஸ் கடையில் அது எல்லோருக்கும் பழகிப்போன சத்தம். வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு, காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் முகங்களை வெள்ளையாக்கிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மிதித்து என்ன ஆயிற்று என்று அவளே அடிக்கடி கேட்டுக்கொள்வாள்.

அன்று கடைக்கு வந்தவர் சுந்தரலிங்கம். அவள் ஊரில் பாதித் தென்னந்தோப்பு அவருடையது. உமாதேவியின் அப்பா தவசி அங்கேதான் தண்ணீர் பாய்ச்சுகிறார். சிவன் கோயில் கும்பாபிஷேகத்தில் பரிவட்டம் அவருக்கா, பங்காளிகளுக்கா என்று தகராறு. கோயில் சுவரில் ஆயிரத்து நூறு வருஷத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. சாத்தன் மாறன் என்ற சிற்றரசன் விளக்கெரிக்க ஆடு கொடுத்தான், அவ்வளவுதான் செய்தி. அவனிலிருந்து தன்வரைக்கும் வம்சாவளி போட்டு வாசலில் கட்ட வேண்டும் என்றார் சுந்தரலிங்கம். நடுவில் முப்பது தலைமுறைக்குப் பேரே கிடையாது என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"இல்லன்னா நீ போடு. அதுக்குத்தானம்மா படிச்சிருக்க. கீழ 'ஆய்வு: உமாதேவி எம்.ஏ.'ன்னு உம் பேரையும் போட்டுக்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயில் வாசலில் தன் பேர் என்றதும் மனசு ஒரு கணம் ஆசைப்பட்டதே, அதுதான் இன்னும் எரிந்தது.

போடுவது ஒன்றும் கஷ்டமாக இல்லை. தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பது இங்கே வழக்கம். இரண்டு பேர் இருந்தால் போதும், மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே போகலாம். மேலிருந்து மாறன், சாத்தன், மாறன். கீழிருந்து சுந்தரலிங்கம், அழகர், சுந்தரலிங்கம். பொய் இவ்வளவு சுலபமா? தன் வீட்டுக்குப் போட்டுப் பார்த்தாள். அப்பா தவசி, தாத்தா சின்னக்கருப்பு. அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. சுந்தரலிங்கத்தின் வம்சாவளியில் மேலிருந்து வந்த வரிசையும் கீழிருந்து போன வரிசையும் சேர வேண்டிய இடத்தில் ஒரு கட்டம் காலியாக நின்றது. வெறி பிடித்தவள்போல அதில் 'சின்னக்கருப்பு' என்று அடித்தாள்.

யாரும் படிக்கவில்லை. சுந்தரலிங்கத்தின் படம் பெரிதாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கட்டினார்கள். கும்பாபிஷேகத்தன்று அவர் தலையில் பரிவட்டம் ஏறும்வரை தவசியும் உமாதேவியும் அவர்கள் தெருக்காரர்களும் வழக்கம்போல வாசலுக்கு வெளியே நின்றார்கள். மகள் பேரைப் பார்த்துவிட்டு, எழுத்துக்கூட்டி மேலே படித்துக்கொண்டு போன தவசி நடுவில் நின்றுவிட்டார்.

"இது யாருத்தா?"

தாத்தாதான், நானாகத்தான் போட்டேன் என்றாள். சிரிப்பார் என்று நினைத்தாள்.

"எங்கப்பனுக்கு இவுக தோப்புலதான் பாம்பு கடிச்சுச்சு. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வண்டி தர மாட்டேன்னுட்டாக இவுக அப்பாரு. வரப்புலயே செத்தாரு. நீ அவரை இவுகளுக்கே பாட்டனாக்கி வச்சிருக்க." குரல் உயரவில்லை. "எடுத்துரு."

பையில் கடைக் கட்டர் இருந்தது. பந்தல்காரரின் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, தாத்தாவின் கட்டத்தை அறுத்தாள். உள்ளேயிருந்து பரிவட்டத்தோடு ஓடிவந்த சுந்தரலிங்கம், ஏலே, இறக்குங்கடா அந்தக் கிறுக்குப் புள்ளைய என்று கத்தினார். கும்பாபிஷேகத்துக்கு வந்திருந்த பாண்டீஸ்வரன், இனிக் கடைப்பக்கம் வராதே என்றான். அவள் இறங்கி, கீழே இருந்த தன் பேரையும் அறுத்தெடுத்தாள்.

தாத்தா பேர் இருந்த துண்டைத் தவசி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தன் பேர் இருந்ததை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.