கோல்கீப்பருக்காக நாற்பது நிமிடம்

நல்ல ஆட்டக்காரன் ஒருவன் உருவாக மூன்று வருடம் ஆகிறது. பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பவும் அதே மூன்று வருடம்தான். பெரிய கல்லூரிகளுக்குக் கவலையில்லை. விடுதியும் முட்டையும் கொடுத்து யாரையாவது இழுத்துக்கொள்ளும். குகட்பள்ளியில் இருந்த எங்கள் சிறிய கல்லூரியிடம் இருந்தது நான்தான். காஞ்சன்பாக்கில் ஓர் ஆய்வகத்தின் நிர்வாகப் பிரிவில் விதிமுறைப் புத்தகங்களோடு குடித்தனம் நடத்தி ஓய்வுபெற்றவன். கால்பந்து உருண்டையானது என்பது தெரியும். அந்தத் தகுதிக்கு அணியின் கௌரவ மேலாளர் பதவி கிடைத்தது.

விதிகளைப் படித்தேன். ஆடுபவன் ஏதாவது படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும், இருபத்தைந்து வயதைத் தாண்டக் கூடாது. என்ன படிப்பு என்று எங்கும் கேட்கவில்லை. பந்தைத் தவிர எதையும் சிந்திக்காத சென்டர் ஃபார்வர்டை எம்.ஏ. தத்துவத்தில் சேர்த்தேன். பி.காம். முடித்த கோல்கீப்பரை நூலக அறிவியல் டிப்ளமோவில் போட்டேன். இப்படியே முதல் டிவிஷனில் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

அந்த வருடம் கடைசி ஆட்டத்தில் தோற்றால் இரண்டாம் டிவிஷன். அப்புறம் மைதானத்தில் கல்லூரி பஸ்கள் நிற்கும் என்று முதல்வர் சொல்லிவிட்டார். ஆட்டம் மதியம் ஒரு மணிக்கு. அன்றே அமீர்பேட்டில் கோல்கீப்பருக்குப் பரீட்சை, பத்திலிருந்து ஒன்று வரை. அவன் என் பழைய சக ஊழியரின் மகன்.

"ஒரு மணி நேரம் எழுதிட்டு எழுந்து வந்துடுடா."

"நக்கோ அங்கிள், முடியாது. அந்த சப்ஜெக்ட் எனக்குப் பிடிச்சுப்போச்சு. முழுசா எழுதுவேன்."

"உன்னை அதுல சேர்த்தது படிக்கறதுக்காடா?"

மாற்று கோல்கீப்பர் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்பவன். வேறு வழியில்லை. ஒரு மணிக்கு நடுவரிடம் போய், எதிரணியின் அடையாள அட்டைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும் என்றேன். விதியில் உள்ள உரிமை, யாரும் கேட்டதில்லை. ஒருவனுக்குப் படத்தில் மீசை இருந்தது, முகத்தில் இல்லை. எழுத்துமூலம் விளக்கம் கேட்டேன். இரண்டு பிரதிகள்.

கறுப்புக் கண்ணாடி போட்ட எதிரணி மேலாளர் கத்தினார்: "கைக்கு சாப், கைக்கு? எதுக்கு இதெல்லாம்? மீசைக்கும் லெட்டரா?"

"ரூல் ஹை, பாய்," என்றேன். தேதி போடாததால் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஒன்று நாற்பதுக்கு மெட்ரோ நிலையத்திலிருந்து எங்கள் கோல்கீப்பர் ஓடிவந்தான், சட்டைப்பையில் பேனாவோடு. உடனே எனக்கு எல்லா அட்டைகளும் திருப்தியாகிவிட்டன. அவர்கள் விடாமல் அடித்தார்கள், அவன் விடாமல் பிடித்தான். நாங்கள் எதிரணியின் கோல் பக்கம் போனதாகவே நினைவில்லை. கோல் இல்லாமல் டிரா. மைதானம் பிழைத்தது.

"பரீட்சை எப்படிடா?"

"சூப்பர் அங்கிள். கண்டிப்பா பாஸ்."

பாஸானால் அடுத்த வருடம் ஆட முடியாது. பையிலிருந்து எம்.ஏ. பொது நிர்வாக விண்ணப்பத்தை எடுத்தேன். எல்லாம் பூர்த்தி செய்திருந்தேன், அவன் கையெழுத்து மட்டும் பாக்கி.

"ஒரு ஸ்கூல் லைப்ரரில வேலை கிடைச்சிருக்கு அங்கிள். ஜூன்ல சேரணும்," என்றான்.

வாழ்த்தினேன். மனதார என்றால் பொய்.

கோட்டுக்கு வெளியே, கண்ணை மூடிக்கொள்பவன் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு இன்னும் நான்கு பேப்பர் அரியர். எங்கும் போக மாட்டான்.