கேமரா இல்லாத முதல் வருடம்

சினிமா, போட்டோ படிக்க ஆசைப்படும் மகளுடன் இன்று ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு கல்லூரிக்குப் போனேன்.

“முதல் வருஷம் தியரி மட்டும்தான். கேமரா ரெண்டாம் வருஷம்தான் தருவோம்” என்றார்கள்.

எண்பதுகளில் எனக்கு இடம் கேட்டு அப்பாவுடன் மெட்ராஸ் போனபோதும் இதையேதான் சொன்னார்கள். என் அப்பா நாமக்கல் லாரிக்காரர்.

“கேமராவத் தொடாம உக்கார்றதுன்னா பையன் எங்க ஊட்லயே உக்காந்துக்குவானுங்க. ரெண்டாம் வருசத்துக்குக் கூட்டிட்டு வாரேனுங்க” என்று எழுந்துவிட்டார்.

சொன்னபடி அடுத்த வருடம் கூட்டிப் போனார். முதல் வருடத்தில்தான் சேர்ப்போம் என்றார்கள்.

“அதான் ஒரு வருசம் ஊட்ல சும்மா உக்காந்துட்டானுங்களே!” என்று மல்லுக்கு நின்றார்.

இன்று நான் தொண்டையைச் செருமியதுமே மகள் திரும்பினாள். “அப்பா, நீங்க போயி வண்டியில உக்காருங்க.”

வண்டியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

எங்கப்பா கேட்டதில் என்னங்க தப்பு?