ஒன்பதாம் அறையின் கதவு

ஓசார்க் மலையடிவாரத்தில் அந்தத் தொடக்கப் பள்ளியைப் பெருக்கித் துடைத்து, ஒழுகும் குழாய்க்கு வாஷர் போட்டு, இருபத்தாறு வருஷமாகக் கட்டிக் காத்து வருபவர் வெர்லின் ஸ்ட்ரௌட். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கினால் போதும், பிள்ளைகள் "மிஸ்டர் வெர்லின்" என்று ஓடிவந்து மொய்த்துக்கொள்ளும். வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம்.

ஒன்பதாம் அறைப் பூட்டு மட்டும் அவர் கைக்கு அடங்கவில்லை. சாவி திரும்பும், தாழ் விழாது. புதுப் பூட்டு கேட்டு நிர்வாகத்துக்கு எழுதிப் போட்டார். மாநில அரசியல் சட்டத் திருத்தம் நவம்பர் தேர்தலில் மக்கள் ஓட்டில் ஜெயித்தால் பள்ளிப் பாதுகாப்புக்கு வரிப்பணம் வரும், அப்போது பார்க்கலாம் என்று பதில் வந்தது. வெர்லினுக்கு அந்தத் திருத்தமே ஆகாது. சட்டத்தில் ஏறிய வரி செத்தாலும் இறங்காது, நம்ம ஊருக்கு எவன் துப்பாக்கி தூக்கிக்கொண்டு வரப்போகிறான் என்று பெட்ரோல் பங்க் காப்பிக் கடையில் தினமும் அடித்துப் பேசினார். நவம்பரில் 'வேண்டாம்' என்றே ஓட்டுப் போட்டார். திருத்தம் தோற்றது.

மூன்று வாரம் கழித்து, துப்பாக்கிக்காரன் பள்ளிக்குள் புகுந்தால் என்ன செய்வது என்று பழக்கும் ஒத்திகை வந்தது. ஒலிபெருக்கி சொன்னதும் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும். யார் குரல் கேட்டாலும் திறக்கக் கூடாது. கதவு கதவாகக் கைப்பிடியைத் திருகிப் பார்ப்பது எப்போதும் வெர்லின் வேலை. அதாவது, வந்தவனாக நடிப்பது.

முந்நூறு பிள்ளைகள் இருக்கும் கட்டடத்தில் அவர் சாவிச் சத்தம் மட்டும் கேட்டது. அது அவருக்கே பிடிக்கவில்லை. எட்டாம் அறை பூட்டியிருந்தது. ஒன்பது எப்படியும் திறந்துகொள்ளும் என்று சும்மா தள்ளினார். திறக்கவில்லை. தோளைக் கொடுத்தார். கதவு ஒரு விரற்கடை உள்ளே போய், மெல்லத் திரும்பி வந்து அவரையே தள்ளியது.

"நான்தான், வெர்லின்," என்றார். "பிள்ளைங்களா, நான்தான்." கதவுக்கு அந்தப் பக்கம், அவர் இடுப்பு உயரத்தில், நிறையப் பேர் மூச்சை அடக்குவது தெரிந்தது. கைப்பிடிமேல் இருந்த தன் கையைப் பார்க்க அவருக்கே பயமாக இருந்தது.

ஒத்திகை முடிந்து டீச்சர் மிஸ் டாவென்போர்ட் கதவைத் திறந்தாள். பின்னால் பத்தொன்பது பிள்ளைகள், ஏழு வயசு, முகம் சிவக்க உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"பூட்டு விழலையே, மிஸ்டர் வெர்லின். அதான் தினமும் தள்ளிப் பழகுறோம்," என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது.

முன்பல் விழுந்த ரோஸலி அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்கதான்னு தெரியும். தெரிஞ்சவங்களா இருந்தாலும் திறக்கக் கூடாதுல்ல?" கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "நிஜமா வர்றவன் உங்களைவிட பலசாலியா இருப்பானா?"

ஊர் வாயையெல்லாம் அடைத்த வெர்லின் குனிந்து, விழாத தாழை விரலால் அழுத்திப் பார்த்தார். அவருக்கு வயது அறுபத்துமூன்று. தள்ளியதும் பாதிப் பலத்தில்தான்.