தொழிற்பேட்டை லைனை நிறுத்துகிறவர்

தொலைபேசி மணி அடித்ததும் முதலில் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்கிறார். வியர்த்த கையோடு ரிசீவரைத் தொடமாட்டார். மறுமுனையில் தலைமைக் கட்டுப்பாட்டு அறை. எந்த லைனை நிறுத்த வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். "சரிங்க" என்று இவர் நிறுத்துவார். துணைமின் நிலையத்தில் அதுதான் வேலை.

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் 'ஃபியூஸ்'. கூப்பிட்டால் சிரிப்பார். ஆனால் சீருடைச் சட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு, சந்து வழியாகத்தான் வீடு திரும்புவார். ஒருமுறை யாரோ எறிந்த கல் காதோரம் உரசிப் போனது. "எய்தவன் எங்க இருக்கான்னு தெரியல. அம்பு கண்ணு முன்னால நிக்குது, நோவுறாங்க" என்றார்.

கல்லைவிடப் பெரிய பயம் ஒன்று அவருக்கு உண்டு. நாட்டில் மின்சாரம் போதவில்லை. ஒரு பக்கம் நிறுத்தாவிட்டால் மொத்தமும் சரியும். "சரிஞ்சா எப்ப எழுப்புவோம்னு யாருக்கும் தெரியாதுங்க" என்பார், மின்சாரத்தின் காதில் விழுந்துவிடுமோ என்பதுபோல் குரலைத் தாழ்த்தி.

சென்ற வாரம், பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் அவர் அறையில் உட்கார்ந்திருந்தேன். மதியம் தொழிற்பேட்டை லைனை நிறுத்த உத்தரவு வந்தது. பேட்டையில் பாதிக்குமேல் ஏற்கெனவே பூட்டிக் கிடக்கிறது. மிஞ்சிய பெரிய ஆலை, பாட்டில் செய்யும் கண்ணாடி ஆலை ஒன்றுதான். அவர் தம்பிக்கு அங்கே உலையடியில் வேலை. நிறுத்தினார். 'கொஞ்ச நேரம்தான்' என்றவர்கள் பிறகு அழைக்கவே இல்லை. தம்பிதான் அழைத்தான்.

"அண்ணே, ஜெனரேட்டருக்கு டீசல் தீந்துபோச்சு. உலைக்குள்ள கண்ணாடி இறுகுதுண்ணே. இறுகிட்டா உலையையே உடைக்கணும். மொதலாளி தலையில கைய வச்சு உக்காந்துட்டாரு."

"இருடா, கேட்டுப் பாக்கறேன்."

கட்டுப்பாட்டு அறையிடம் கெஞ்சினார். "அந்த ஒரு லைன மட்டும் விட்டுருங்க சார். எத்தனையோ குடும்பம் சார்."

"எல்லாரும் இதையேதான்யா சொல்றாங்க. விட்டா நாடே இருண்டுடும். கைய வச்சிராத."

எழுந்து சுவிட்சின் அருகே போனார். அதைப் போட்டுவிடுவாரோ என்றும் எனக்குப் பயம், போடாமல் விட்டுவிடுவாரோ என்றும் பயம். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பொழுது சாயும்போதுதான் உத்தரவு வந்தது. சுவிட்சைப் போட்டார். அந்த லைனில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறதென்று காட்டும் மீட்டரைப் பார்த்தார். ஆலை ஓடினால் முள் பாதிக்கு ஏறும். அது லேசாக அசைந்து, அடியிலேயே நின்றது.

அவர் குனிந்து, மீட்டரின் கண்ணாடியை விரல் நகத்தால் தட்டினார். பிறகு மறுபடியும், கொஞ்சம் பலமாக.